டைப் 1 நீரிழிவு உள்ள பிள்ளையும் பள்ளிக்கூடமும்: பினாங்கில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் மகளுக்கு டைப் 1 நீரிழிவு என்று தெரியவந்தபோது அவள் பினாங்கில் ஒரு தமிழ்ப்பள்ளியில் 2-ஆம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். இப்போது படிவம் 3. நடுவில் போன ஏழு வருடங்களில் மற்ற பெற்றோரும் ஆசிரியர்களும், சில சமயம் வேன் ஓட்டும் அண்ணனும் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. ஊசி அளவு, சீனி இலக்கு எல்லாம் பிள்ளைக்குப் பிள்ளை மாறும். உங்கள் மருத்துவமனையில் எழுதிக் கொடுத்ததுதான் முடிவு.

சின்னப் பிள்ளைக்குப் போய் இனிப்பு நீரா? மிட்டாய் நிறைய கொடுத்தீர்களோ?

இதைக் கேட்காத உறவினர் எங்களுக்கு இல்லை. டைப் 1 வருவதற்கும் மிட்டாய்க்கும் சம்பந்தமே கிடையாது. உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தி, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களைத் தவறுதலாக அழித்துவிடுகிறது. இன்சுலின் இல்லாவிட்டால் சாப்பாட்டிலிருந்து வரும் சீனி ரத்தத்திலேயே நின்றுவிடும், உடம்புக்குப் பயன்படாது. அதனால் ஊசியாகவோ பம்ப் வழியாகவோ வெளியிலிருந்து இன்சுலின் கொடுத்தே ஆகவேண்டும். நிறுத்த முடியாது.

நம் ஆட்கள் குழம்புவதில் நியாயம் உண்டு. 2019-இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. மலேசிய இந்தியர்களை மட்டும் பார்த்தால் 31.4 விழுக்காடு. ஆக, வீட்டுக்கு ஒரு தாத்தாவாவது மாத்திரை போடுகிறார். அது டைப் 2, இன்சுலின் சுரந்தும் உடம்பு அதைச் சரியாகப் பயன்படுத்தாத வேறு வகை. தாத்தா ஒருவேளை மாத்திரையை மறந்தால் அன்றே பெரிதாக ஒன்றும் ஆகாமல் போகலாம். பிள்ளைக்கு இன்சுலின் ஒரு நாள் நின்றாலே மருத்துவமனைதான்.

பள்ளியில் சொல்லத்தான் வேண்டுமா? பெண் பிள்ளை, நாளைக்கு நாலு பேர் பேசுவார்களே.

சொல்லவேண்டும். கல்யாணப் பேச்சு வர இன்னும் பதினைந்து வருடம் இருக்கிறது. ரத்தத்தில் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்குவது நாளைக்கே நடக்கலாம்.

நானும் முதல் இரண்டு வாரம் வகுப்பாசிரியரிடம் மட்டும் சொல்லி, "வேறு யாருக்கும் தெரியவேண்டாம் டீச்சர்" என்றேன். மூன்றாவது வாரம் அவர் விடுப்பு. மாற்று ஆசிரியருக்கு எதுவும் தெரியாது. தலை சுற்றுகிறது என்று மகள் சொன்னதற்கு, "மணி அடிக்கட்டும், அப்புறம் போகலாம்" என்றிருக்கிறார். மணி அடித்தபோது சீனி அளவு 2.9, அது 4-க்குக் கீழே போகவே கூடாது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் அலுவலகத்துக்கு ஓடியதால் தப்பித்தோம். அந்த ஆசிரியர் மேல் எனக்குக் கோபம் இல்லை. மறைத்தது நான்.

சரி, யார் யாரிடம் சொல்வது?

தலைமையாசிரியர், மாணவர் நலத்துக்குப் பொறுப்பான துணைத் தலைமையாசிரியர், வகுப்பாசிரியர், உடற்கல்வி ஆசிரியர், அலுவலகத்தில் உள்ளவர்கள், சிற்றுண்டிச்சாலை நடத்துபவர், வேன் ஓட்டுநர். நம் பள்ளிகளில் நிரந்தரமாகத் தாதி இருப்பதில்லை. சுகாதார அமைச்சின் குழு வந்து ஊசி போட்டு, பல் பார்த்துவிட்டுப் போகும், அவ்வளவுதான். ஆகவே பொறுப்பு ஆசிரியர்கள் கையில்தான் விழுகிறது. ஒரே ஆள் கற்றுக்கொண்டால் போதாது; குறைந்தது மூன்று பேர் வேண்டும்.

பள்ளி திறப்பதற்கு முந்தைய வாரம் நேரில் போய் அரை மணி நேரம் கேளுங்கள். முதல் நாள் காலையில் வாசலில் நின்று சொன்னால் யார் காதிலும் ஏறாது.

கையில் என்ன தாள் கொடுக்கவேண்டும்?

ஒரே பக்கம். பிள்ளையின் படம், பெயர், வகுப்பு, இரண்டு தொலைபேசி எண்கள், சீனி இறங்கினால் என்ன செய்வது, மயங்கினால் என்ன செய்வது. தமிழிலும் மலாயிலும் இருக்கட்டும், ஏனென்றால் அலுவலகத்திலும் பாதுகாவலரிடமும் மலாய்தான் ஓடும். மருத்துவமனையில் நீரிழிவுத் தாதியிடம் கேட்டால் பள்ளிக்குக் கடிதம் எழுதித் தருவார்கள், அதையும் சேர்த்துக் கொடுங்கள். மாற்று ஆசிரியர் கண்ணில் படும்படி வகுப்பு வருகைப் பதிவேட்டுக்குள் ஒரு நகல் ஒட்டச் சொல்லுங்கள். எங்களுக்கு உண்மையில் உதவியது அந்த நகல்தான்.

சீனி இறங்குவதை ஆசிரியர் எப்படிக் கண்டுபிடிப்பது?

ரத்தத்தில் ஒரு லிட்டருக்கு 4 மில்லிமோலுக்குக் கீழே போனால் இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்கிறோம். புத்தகத்தில் எழுதியிருப்பது: நடுக்கம், வியர்வை, முகம் வெளுப்பு, பசி, தலைவலி, நெஞ்சு படபடப்பு. ஆனால் வகுப்பில் அது வேறு மாதிரி தெரியும். நன்றாக எழுதிக்கொண்டிருந்தவள் கையெழுத்து திடீரென்று கோணிப் போகும். கேட்ட கேள்விக்குப் பதில் வராது, பார்வை எங்கோ இருக்கும். காரணமில்லாமல் அழுகை, அடம், பக்கத்துப் பிள்ளையிடம் சண்டை. சில பிள்ளைகள் மேசையில் தலை வைத்துப் படுத்துவிடுவார்கள். பினாங்கு வெயிலில் வகுப்பே வேர்த்துக்கொண்டிருக்கும்போது வியர்வையை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. குளிர்ந்த, பிசுபிசுத்த வியர்வையா என்று நெற்றியைத் தொட்டுப் பாருங்கள்.

காரணம் பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்று: காலையில் ஊசி போட்டுவிட்டுச் சரியாகச் சாப்பிடவில்லை, ஓய்வு நேரம் தள்ளிப்போனது, வழக்கத்தைவிட அதிகமாக ஓடி ஆடினாள், ஊசி அளவு கூடிவிட்டது. சபைகூடல் நீண்டு ஓய்வு நேரம் அரை மணி தள்ளிப்போவது ஆசிரியருக்குச் சின்ன விஷயம். ஒரு நாளைக்கு இரண்டு வேளை கலவை இன்சுலின் (வேகமானதும் மெதுவானதும் கலந்தது) போடும் பிள்ளைக்கு அது பெரிய விஷயம், ஏனென்றால் காலையில் போட்ட மருந்து அந்த நேரத்தில் வேலை செய்துகொண்டே இருக்கும்.

சந்தேகமாக இருந்தால் விரலில் குத்திப் பாருங்கள். கருவி கையில் இல்லையா? இறங்கிவிட்டது என்றே வைத்துக்கொண்டு சீனி கொடுங்கள். தப்பாகிப் போனால் கொஞ்ச நேரம் சீனி ஏறும், அவ்வளவுதான். கொடுக்காமல் விட்டால் வரும் ஆபத்து அப்படியில்லை.

இன்னொன்று. "நீ அலுவலகத்துக்குப் போய்ப் பார்த்துக்கொள்" என்று தனியாக அனுப்பவே கூடாது. கழிப்பறைக்கும் அப்படித்தான். படிக்கட்டில் விழுந்தால் யாருக்கும் தெரியாது. இருந்த இடத்திலேயே, நாற்காலியிலேயே சீனி கொடுங்கள். இந்தப் பக்கத்தில் ஒரு வரி மட்டும்தான் நினைவில் நிற்கும் என்றால், அது இந்த வரியாக இருக்கட்டும்.

என்ன கொடுப்பது, எவ்வளவு?

சீக்கிரம் ரத்தத்தில் ஏறும் சீனி, சுமார் 15 கிராம். கொடுத்து 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்கவேண்டும். இன்னும் 4-க்குக் கீழே என்றால் மறுபடி 15 கிராம். சின்னப் பிள்ளைகளுக்கு இதைவிடக் குறைவே போதும். எடையைப் பார்த்து மருத்துவமனையில் சொல்வார்கள். குளுக்கோஸ் மாத்திரை நல்லது. மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தாலும் அதே வேலைதான். சாக்லெட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சீனி ஏறுவதைத் தாமதப்படுத்தும். பால் கலந்த மைலோவும் அப்படித்தான், அவசரத்துக்கு ஆகாது.

பெட்டிப் பானம் வைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். 2019 ஜூலை 1 முதல் நம் நாட்டில் 100 மில்லிலிட்டருக்கு 5 கிராமுக்கு மேல் சீனி உள்ள இனிப்புப் பானங்களுக்கு வரி வந்தது. வரிக்குத் தப்ப, பல நிறுவனங்கள் சீனியைக் குறைத்துவிட்டன. ஊருக்கு நல்லதுதான், நமக்குக் கணக்கு மாறிவிட்டது. 100 மில்லிக்கு 10 கிராம் இருந்தபோது 150 மில்லி குடித்தால் போதும். இப்போது 4.9 கிராம் உள்ள பானத்தில் அதே 15 கிராம் கிடைக்க 300 மில்லிக்கு மேல் குடிக்கவேண்டும். பழைய தாளில் "அரைப் பெட்டி" என்று எழுதியிருந்தால் அழித்துவிட்டு, பெட்டியின் பின்புறத்தைப் படித்துப் புதிதாக எழுதுங்கள். 'சீனி இல்லை' என்று போட்ட பானத்தை யாராவது அவசரத்தில் வாங்கிக் கொடுப்பதும் நடக்கிறது. அதில் பயனே இல்லை.

சீனி 4-க்கு மேல் வந்த பிறகு, அடுத்த சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் இரண்டு பிஸ்கட் கொடுங்கள். எண் சரியாகிவிட்டாலும் மூளை தெளிய இன்னும் அரை மணியாவது ஆகும். உடனே கணக்குச் சோதனை எழுத வைக்காதீர்கள்.

அவசரப் பெட்டியில் என்ன வைக்கலாம்?

மூடி இறுகிய ஒரு டப்பா. அதில் சீனிப் பானம் மூன்று, குளுக்கோஸ் மாத்திரை, பிஸ்கட், ஒரு பழைய சோதனைக் கருவி, பட்டைகள், அந்த ஒரு பக்கத் தாள். வகுப்பில் ஒன்று, அலுவலகத்தில் ஒன்று. பள்ளிப் பையில் தனியாகக் கொஞ்சம். மாதம் ஒரு முறை போய்ப் பாருங்கள், தேதி முடிந்திருக்கும், அல்லது எறும்பு நம்மை முந்தியிருக்கும்.

மயங்கி விழுந்துவிட்டால்?

வாயில் எதையும் ஊற்றாதீர்கள், சீனித் தண்ணீரும் வேண்டாம், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். 999-ஐ அழைத்து, "டைப் 1 நீரிழிவு, சீனி இறங்கி மயங்கிவிட்டாள்" என்று சொல்லுங்கள். மருத்துவமனையில் குளுக்ககோன் ஊசி கொடுத்திருந்தால், அதைப் போடக் கற்றுக்கொண்ட ஆசிரியர் போடலாம். அது சீனியை ஏற்றும் மருந்து, இன்சுலின் இல்லை. அந்த நேரத்தில் யாரும் இன்சுலின் போட்டுவிடக் கூடாது. பெற்றோருக்கு அழைப்பது 999-க்கு அப்புறம்தான்.

சீனி ஏறினால்?

அது மெதுவான தொல்லை. தாகம் எடுக்கும், அடிக்கடி கழிப்பறை, சோர்வு, கண் மங்கல். தண்ணீர் குடிக்க விடுங்கள், கழிப்பறைக்குக் கேட்டால் உடனே விடுங்கள். "இப்போதுதானே போய் வந்தாய்" என்று நிறுத்திவைத்து, எல்லார் முன்னாலும் பாவாடையை நனைத்துக்கொண்ட பிள்ளையை எனக்குத் தெரியும். அவள் அதற்குப் பிறகு பள்ளியில் தண்ணீரே குடிக்கமாட்டேன் என்று ஒரு மாதம் பிடிவாதம் பிடித்தாள்.

வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்த வேகமான மூச்சு, வாயில் பழ வாடை இவற்றில் எதுவும் சேர்ந்தால் காத்திருக்காமல் பெற்றோரை அழையுங்கள். ரத்தத்தில் கீட்டோன், அதாவது இன்சுலின் போதாமல் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் அமிலம், சேர்வதன் அடையாளம் அது. கீட்டோன் அளவு 1.5-ஐத் தாண்டினால் மருத்துவரைக் கேட்கவேண்டும், 3-ஐத் தாண்டினால் நேரே அவசரப் பிரிவு.

எண்ணை நம்புவதற்கு முன் ஒரு சின்னச் சோதனை: கையைக் கழுவச் சொல்லுங்கள். ஒரு நாள் என் மகளின் கருவி 17.4 காட்டியது. கூடுதல் ஊசி போடத் தயாராகிவிட்டேன். பார்த்தால் தோழி கொடுத்த ஜாதிக்காய் ஊறலின் பாகு விரலில் ஒட்டியிருந்தது. கழுவிவிட்டுப் பார்த்தோம், 6.8.

ஓய்வு நேர ஊசியை யார் போடுவது?

எல்லாப் பெற்றோருக்கும் தலைவலி இதுதான். ஊசி போடச் சொல்லி ஆசிரியரை வற்புறுத்த முடியாது. முன்வரும் ஆசிரியர் கிடைத்தால் அது கொடுப்பினை, அவ்வளவுதான். பொதுவாக எட்டிலிருந்து பத்து வயதுக்குள் பிள்ளைகள் பேனா ஊசியைத் தாங்களே போடப் பழகிவிடுவார்கள். ஆனால் போடத் தெரிவது வேறு, எத்தனை யூனிட் என்று முடிவெடுப்பது வேறு. கணக்கைப் பெரியவர் யாராவது பார்க்கவேண்டும்.

நாங்கள் செய்தது இப்படி: 2-ஆம் ஆண்டு முழுக்க நான் தினமும் பத்து மணிக்கு ஸ்கூட்டரில் போனேன். 3-ஆம் ஆண்டில் சாப்பாட்டு டப்பாவின் மூடியில் யூனிட் எண்ணை எழுதி ஒட்டினேன். அவள் பேனாவைத் திருப்பி டீச்சரிடம் காட்டுவாள், டீச்சர் எண்ணை மட்டும் சரிபார்ப்பார், அவளே போட்டுக்கொள்வாள். ஊசியைத் தொடாமலேயே அவர் உதவினார். வேலைக்குப் போகும் பெற்றோர் மருத்துவரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். ஓய்வு நேர ஊசி தேவைப்படாதபடி திட்டத்தை மாற்ற முடியுமா என்று அவர் பார்ப்பார். அதற்குப் பதிலாகச் சாப்பாட்டு நேரத்தில் கட்டுப்பாடு கூடும்.

வேகமாக வேலை செய்யும் இன்சுலினைச் சாப்பிடுவதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்னால் போடுவது நல்லது. ஓய்வு நேரமே இருபது நிமிடம் என்றால் எப்படி? மணி அடிப்பதற்குப் பத்து நிமிடம் முன்பே பிள்ளையை விடச் சொல்லிக் கேளுங்கள். வரிசையில் நிற்கும் நேரமும் மிச்சம்.

கழிப்பறைக்குள் போட்டுக்கொள்ளச் சொல்லாதீர்கள். சுத்தமான ஓர் இடம் வேண்டும், நூலகத்தின் மூலையானாலும் சரி.

சிற்றுண்டிச்சாலையில் சாப்பிடலாமா?

தாராளமாக. டைப் 1 பிள்ளைக்கென்று தனிச் சாப்பாடு கிடையாது. மாவுச்சத்து எவ்வளவு என்று தெரிந்து, அதற்கேற்ற இன்சுலின் போட்டால் போதும். 15 கிராம் மாவுச்சத்தை ஒரு பங்கு என்று கணக்கு வைப்பார்கள். நடுத்தர அளவு இட்லி ஒன்று, ரொட்டித் துண்டு ஒன்று, ஏறக்குறைய ஒரு பங்கு. நாசி லெமாக்கில் சிக்கல் என்னவென்றால், தேங்காய்ப் பால் கொழுப்பால் சீனி உடனே ஏறாது, இரண்டு மூன்று மணி நேரம் கழித்து ஏறும். பள்ளி முடிந்து வேனில் வரும்போது எண் எகிறியிருக்கும், நாம் மத்தியானச் சாப்பாட்டின் மேல் பழி போடுவோம்.

கண்டின் அக்காவிடம் ஒன்று மட்டும் சொல்லி வையுங்கள்: "பாவம், இனிப்பு நீர் பிள்ளை" என்று தட்டிலிருந்து பாதி மீயை எடுத்துவிடவேண்டாம். ஊசி முழுத் தட்டுக்குப் போட்டாயிற்று, பாதி சாப்பிட்டால் சீனி இறங்கிவிடும். அன்பில் செய்ததுதான். அதனால்தான் கேட்கவே மனம் வரவில்லை எனக்கு, இரண்டு முறை இறங்கிய பிறகுதான் போய்ச் சொன்னேன்.

தேசியப் பள்ளியில் படிக்கும் பிள்ளை என்றால், ரமலான் மாதத்தில் எங்கே உட்கார்ந்து சாப்பிடுவாள் என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

பிறந்தநாள் கேக், தீபாவளி முறுக்கு, தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல்?

கேக் வெட்டும் அன்று ஆசிரியர் காலையில் ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் போதும். எல்லாருக்கும் கொடுத்துவிட்டு நம் பிள்ளைக்கு மட்டும் ஆப்பிள் துண்டைக் கொடுப்பது எந்த மருந்திலும் சேராது. வீட்டுக்கு எடுத்துப் போய் மத்தியானச் சாப்பாட்டோடு சாப்பிட வைப்பதும் ஒரு வழி.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறும்போது பந்தலுக்குப் பந்தல் ரோஸ் சிராப் ஊற்றிக் கொடுப்பார்கள். நடை, வெயில், கூட்டம் எல்லாம் சேர்ந்து சீனி இறங்கும் நாள் அது, சிராப் கையில் இருப்பது ஒரு வகையில் தைரியம். தாகத்துக்கு மோரோ தண்ணீரோ குடிக்கட்டும். பட்டினி விரதம் மட்டும் இந்தப் பிள்ளைகளுக்கு வேண்டாம். முருகன் கோபிக்கமாட்டார்.

உடற்கல்வி, விளையாட்டுப் போட்டியிலிருந்து விலக்கு வாங்கலாமா?

வாங்காதீர்கள். பாகிஸ்தான் கிரிக்கெட் வீரர் வாசிம் அக்ரம் 1997-இல் நீரிழிவு என்று தெரிந்த பிறகும் இன்சுலின் போட்டுக்கொண்டே பல வருடம் பந்து வீசினார். அமெரிக்க நீச்சல் வீரர் கேரி ஹால் ஜூனியர் டைப் 1 வந்த மறு வருடம், 2000 ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கினார்.

ஓடுவதற்கு முன் சீனி பார்க்கவேண்டும். 5-க்குக் கீழே என்றால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான். 14-க்கு மேலே, கூடவே கீட்டோனும் இருந்தால் அன்று ஓட்டம் வேண்டாம். திடலில் ஆசிரியர் கையில் சீனிப் பானம் இருக்கவேண்டும், மூன்றாம் மாடி வகுப்பறையில் இருக்கும் பையில் இல்லை. விளையாட்டுப் போட்டிக்குப் பயிற்சி நடக்கும் வாரங்களில் இரவிலும் சீனி இறங்கலாம், தசைகள் இழந்த சக்தியை மெதுவாகத் திரும்ப எடுத்துக்கொள்வதால். அந்த வாரங்களில் நான் அலாரம் வைத்து நடு இரவில் ஒரு முறை பார்ப்பேன்.

சீனி அளவைக் காட்டும், கையில் ஒட்டும் சென்சார் இருக்கிறது. ஆனால் பள்ளிக்குக் கைப்பேசி கொண்டுபோக விடுவதில்லையே?

ஃப்ரீஸ்டைல் லிப்ரே போன்ற சென்சாருக்குத் தனி ரீடர் கருவி உண்டு, அதைக் கொடுத்து அனுப்பலாம். கைப்பேசிதான் வேண்டும் என்றால் மருத்துவர் கடிதத்தோடு தலைமையாசிரியரிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். சென்சார் ஒன்று சுமார் இரண்டு வாரம்தான் வரும், பலர் சொந்தப் பணத்தில்தான் வாங்குகிறோம். முடியாதவர்கள் மனம் தளரவேண்டாம், விரலில் குத்திப் பார்த்தே ஒரு தலைமுறை வளர்ந்திருக்கிறது. சென்சார் எண் ரத்த எண்ணைவிடச் சில நிமிடம் பின்தங்கும். பிள்ளை ஒன்று சொல்லி சென்சார் வேறு சொன்னால், விரலில் குத்திப் பாருங்கள்.

இந்தச் சூட்டில் இன்சுலின் கெடாதா?

திறக்காதது குளிர்சாதனப் பெட்டியில், 2 முதல் 8 டிகிரிக்குள். உறைந்துபோனால் குப்பைதான். பயன்பாட்டில் உள்ள பேனா 30 டிகிரிக்குக் கீழே பொதுவாக நான்கு வாரம் தாங்கும். நம் ஊரில் மத்தியானம் 30-ஐத் தாண்டுவது சாதாரணம், அதனால் காப்புப் பை தேவை. ஜன்னலோர மேசையில் வேண்டாம், வேனின் முன் கண்ணாடிக்குக் கீழே வேண்டவே வேண்டாம். ஐஸ் கட்டியோடு நேரடியாக ஒட்டியும் வைக்காதீர்கள். போட்ட ஊசி வேலை செய்யாத மாதிரி இருந்தால் சூட்டைத்தான் முதலில் சந்தேகப்படுவேன்.

பாகற்காய்ச் சாறு கொடுத்தால் ஊசியை நிறுத்திவிடலாம் என்கிறார் மாமியார்.

பாகற்காய் பொரியல் நன்றாக இருக்கும். ஊசிக்கு மாற்று ஆகாது. வெந்தயமும் ஆகாது, காணொளியில் வரும் எந்தப் பொடியும் ஆகாது. 1922 ஜனவரியில் கனடாவின் டொராண்டோவில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதன்முதலாக இன்சுலின் போட்டார்கள். அதற்கு முன் இந்த நோய் வந்த பிள்ளைகள் பெரும்பாலும் ஒன்றிரண்டு வருடத்துக்கு மேல் பிழைத்ததில்லை. அதை மாமியாரிடம் அப்படியே சொல்லுங்கள். திருநீறு பூசட்டும், வேண்டிக்கொள்ளட்டும். ஊசி நிற்கக் கூடாது. காய்ச்சலில் பிள்ளை சாப்பிடாமல் கிடந்தாலும் முழுவதும் நிறுத்தக் கூடாது. அளவை மருத்துவரிடம் கேளுங்கள்.

சென்னையிலிருந்து அக்கா, "180 இருக்கா?" என்று கேட்கிறாள். எங்கள் கருவியில் 10 காட்டுகிறதே?

இரண்டும் ஒன்றுதான். இந்தியாவில் வேறு அளவுமுறை. அவர்கள் எண்ணை 18-ஆல் வகுத்தால் நம் எண் வரும். 72 என்றால் 4. 180 என்றால் 10. தமிழ்க் காணொளிகள் பெரும்பாலும் அவர்கள் எண்ணில்தான் பேசும், பார்த்துக்கொள்ளுங்கள்.

தொற்றுமா?

தொற்றாது. பக்கத்தில் உட்காரலாம், ஒரே தட்டில் சாப்பிடலாம். விரல் குத்தும் ஊசியை மட்டும் யாரோடும் பகிரக் கூடாது. ஆண்டுத் தொடக்கத்தில் பத்து நிமிடம் வகுப்புப் பிள்ளைகளிடம் பேசினால் கிண்டல் பாதி குறையும். எங்கள் மகள் பேசவில்லை, கருவியைக் காட்டினாள். அடுத்த வாரம் எல்லாருக்கும் தங்கள் சீனி அளவு தெரியவேண்டுமாம்!

சோதனை நாளில்?

தொடங்குவதற்கு முன் சீனி பார்த்து எழுதி வையுங்கள். கருவி, சீனிப் பானம், தண்ணீர் மேசையில் இருக்கவும், கழிப்பறைக்குப் போய்வரவும் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்குங்கள். எஸ்.பி.எம் போன்ற பொதுத்தேர்வு என்றால் கடைசி மாதம் வரை காத்திருக்காமல் பள்ளி வழியாக முதலிலேயே கேளுங்கள்.

நான் ஆசிரியர். இன்னும் கண்டுபிடிக்கப்படாத பிள்ளை என் வகுப்பில் இருந்தால் எப்படித் தெரியும்?

இதைக் கேட்ட டீச்சரைக் கட்டிப்பிடிக்கத் தோன்றியது. நான்கு அடையாளங்கள்: ஓயாத தாகம், அடிக்கடி கழிப்பறை, சோர்வு, சில வாரங்களில் உடம்பு இளைப்பது. படுக்கையை நனைக்காத பிள்ளை மறுபடி நனைக்கத் தொடங்கியதாக அம்மா சொன்னால், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். "வளர்கிற பிள்ளை, இளைக்கத்தான் செய்யும்" என்று நானே ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருந்தேன். பெற்றோரிடம் அன்றே சொல்லுங்கள், அன்றே கிளினிக்கில் விரலில் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு நிமிட வேலை. வாந்தி தொடங்கிவிட்டால் கிளினிக் வேண்டாம், நேரே பினாங்கு பொது மருத்துவமனை அல்லது செபராங் ஜெயா மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு.

பள்ளிச் சுற்றுலா, முகாம்?

போகட்டும். எல்லாமே இரண்டு மடங்கு கொண்டுபோகவேண்டும், இரண்டு வேறு பைகளில், ஒன்று ஆசிரியரிடம். இன்சுலின் பேருந்தின் அடிப்பெட்டிக்குள் போகக் கூடாது.

இடைநிலைப் பள்ளிக்குப் போகும்போது?

எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். பாடத்துக்கு ஓர் ஆசிரியர், பெரிய வளாகம், எல்லாம் மலாயில். பருவ வயதில் இன்சுலின் தேவையும் ஏறும், பிள்ளையின் பொறுமையும் குறையும். படிவம் 1-இல் என் மகள் மூன்று வாரம் ஓய்வு நேர ஊசியையே போடாமல் இருந்தாள், புதுத் தோழிகள் பார்ப்பார்களே என்று. மருத்துவமனையில் ரத்தச் சீனியின் மூன்று மாத சராசரி வந்தபோதுதான் தெரிந்தது. திட்டவில்லை என்று பொய் சொல்லமாட்டேன், திட்டினேன். அப்புறம் அந்தத் தோழிகளில் இருவரை வீட்டுக்குக் கூப்பிட்டுத் தோசை போட்டேன்.

வேன் அண்ணனுக்கு என்ன சொல்வது?

பாலத்தில் நெரிசல் என்றால் ஒரு மணி நேரம் கூட ஆகலாம். முன் இருக்கைக்குப் பின்னால், அவர் கண்ணாடியில் தெரியும் இடத்தில் உட்கார வைக்கச் சொல்லுங்கள். ஒரு சீனிப் பானம் வேனிலேயே இருக்கட்டும். தூங்கிவிட்டால் தட்டி எழுப்பவேண்டும். எழுந்திருக்கவில்லை என்றால் ஓரமாக நிறுத்தி 999. எங்கள் வேன் அண்ணன் இதைக் கேட்டுவிட்டு, "தட்டினால் கத்துவாளேம்மா" என்றார். கத்தினால் நல்லது அண்ணே, சீனி இருக்கிறது என்று அர்த்தம் என்றேன்.